யாருக்குக் கேதம்?

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகிற வழியில், ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகி இறங்கும் ஓரிடத்தில், ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கிற சின்னத் தடுப்பணை ஒன்று இருந்தது. அதை ஒட்டி ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள ஓட்டு வீடு. எழுபதுகளின் நடுவில் தொடங்கிப் பத்து வருஷத்துக்கும் மேல் நான் அந்த வீட்டில் இருந்தேன். சுற்றுவட்டாரத்தில் அதற்குத் தண்ணியாபீசு என்று பெயர். ஆபீசு என்றதும் நாலு மேசை, பத்து ஆள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆபீசும் நான்தான், ஆளும் நான்தான். தண்ணீர் உள்ளே போகிற கம்பிவலையில் இலைதழை அடைக்காமல் பார்க்க வேண்டும். காலையிலும் மாலையிலும் வால்வைத் திருப்ப வேண்டும். ஆறு கலங்கி வந்தால் கீழே போடிக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்காகவே ஒரு கறுப்புப் போன் கொடுத்திருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான் போன். அது அடித்தால் தண்ணீரின் நிறத்தைத்தான் கேட்பார்கள். என் நிறத்தை யாரும் கேட்டதில்லை.

நான் கடற்கரைக்காரன். தூத்துக்குடிக்குத் தெற்கே மணல்மேட்டில் பிறந்தவன். போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் முதல் ஆளாக வந்து உயரத்தில் தோற்றேன். ஓட்டத்தைப் பழகிக் கூட்டலாம், உயரத்தை எப்படிக் கூட்டுவது? அப்புறம் இந்த வேலை வந்தது. தண்ணிப் பக்கம்தானே, பழகினதுதானே என்று வீட்டில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடல் பக்கம் எந்நேரமும் யாராவது இருப்பார்கள். வலை இழுப்பார்கள், மீனுக்கு விலை பேசுவார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் சண்டையாவது போடுவார்கள். இங்கே ஆறு மட்டும் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. முதல் மாதத்தில் சோறு வடிக்கும்போது பானையோடு பேச ஆரம்பித்தேன். இரண்டாவது மாதம் பானை பதில் சொல்லிவிடுமோ என்று பயம் வந்தது. அதனால்தான் ஓட ஆரம்பித்தேன். உடம்புக்காக என்று பின்னாளில் பலரிடம் சொன்னதெல்லாம் சும்மா.

எனக்கு மணலில் ஓடித்தான் பழக்கம். அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணலில் கண்ணை மூடிக்கொண்டுகூட ஓடலாம். மலைப்பாதை அப்படி விடாது. கால் போவதற்கு முன்னால் கண் போய் இடம் பார்த்து வைக்க வேண்டும். கல் புரளுமா, வேர் தடுக்குமா, சருகுக்கு அடியில் பள்ளமா என்று ஒவ்வோர் அடிக்கும் யோசனை. அந்த யோசனையில் வேறு நினைப்பு வராது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு பாதைகள் வைத்திருந்தேன். காலையில் வால்வைத் திருப்பிய பிறகு மேலே. மாந்தோப்பு, இலவமரங்கள், ஆற்றோரப் பாறைகள் தாண்டிக் குரங்கணி வரும். அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஏற்றம். ஏற்றத்தின் முடிவில் பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளையும். வளைவைத் தாண்டினதும் ஒரு வீடு. அதற்கு மேலே ஏலத்தோட்டத்தின் வேலி வரை போய்த் திரும்புவேன். மாலையில் வெளிச்சம் மிச்சமிருந்தால் கீழே, மலையடிவாரத்தோடு முந்தல் வரை. அந்தக் கீழ்ப்பாதையில் ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் வருவதில்லை. மழைக்கு அங்கங்கே சரிந்து கிடக்கும். எந்தக் கல்லை மிதிக்கலாம், எதை மிதிக்கக் கூடாது என்று என் காலுக்குத் தெரியும்.

முதன்முதலாகக் குரங்கணி வரை ஓடிய அன்று, ஊருக்கு முன்னால் பாறையில் வழுக்கி விழுந்து முழங்கால் தோல் உரிந்தது. எழுந்து அப்படியே ஓடி டீக்கடை முன்னால் போய் நின்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் கேட்டார்.

“யாருக்கு அப்பு கேதம்?”

எனக்கு மூச்சு வாங்கியது. ஆற்றுச் சத்தம் வேறு. ‘சேதம்’ என்று காதில் விழுந்தது. முழங்காலைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“எனக்குத்தாண்ணே” என்றேன்.

கேட்டவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் நீட்டினேன். அவர் என் கைகளைத் தொட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தார். அடுத்தவர் வந்தார், அவரும் தொட்டார். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும். டீ போடுகிறவர்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டார். டீ கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை.

வந்து இரண்டு மாதத்தில் ஒரு மனுஷன் என்னைத் தொட்டதில்லை. இந்த மலைக்காரர்கள் இப்படியா புது ஆளை வரவேற்பார்கள், என்ன மரியாதை, என்ன பாசம் என்று நெகிழ்ந்துபோய்த் திரும்பி ஓடினேன். அன்று பானையோடு பேசவில்லை.

நல்லதைக் கற்றுக்கொண்டால் கடைப்பிடிக்க வேண்டும் அல்லவா. அடுத்த நாளிலிருந்து எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு கையையும் நீட்டினேன். விறகு வெட்டப் போனவர் வெட்டரிவாளைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினார். குரங்கணி பஸ்சு கண்டக்டர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

லோடுக்காரரிடம் நீட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் மேலே இருக்கும் தோட்டங்களிலிருந்து ஏலக்காய் மூட்டைகளைக் கழுதைகளில் ஏற்றிக் கீழே கொண்டுவருபவர். கட்டை மீசை, எப்போதும் நனைந்த சாக்கு வாசனை. பாதையில் கழுதைகள் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். அப்படி ஒதுங்கி நின்றுகொண்டு கையை நீட்டினேன். அவர் முகம் வெளிறியது.

“எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க? எதுக்கப்பு எனக்குக் கை நீட்டுறீங்க?”

“சும்மாதாண்ணே. மரியாதைக்கு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டீக்கடையில் நடந்ததை நான் சொன்னேன். கேட்டுவிட்டு அப்படியே பாறையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கழுதைகள் நின்று திரும்பிப் பார்த்தன.

“கேதம்னா சாவுப்பு. செத்த வீட்டுக்காரங்களுக்குத்தான் கை நீட்டுறது. நீங்க எனக்குத்தாண்ணேன்னு சொன்னா அவங்க என்ன செய்வாங்க? ஒங்க ஊர்ல சாவுக்கு என்னம்பாங்க?”

“துட்டிம்பாங்க.”

“துட்டியா. துட்டு வந்த மாதிரில்ல இருக்கு.”

எங்கள் பக்கம் ஆண்கள் துட்டி வீட்டுக்குப் போனால் தலையைக் குனிந்து கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். கை தொடுகிற வழக்கம் இல்லை. அதைச் சொன்னேன். எனக்குக் கிடைத்த வரவேற்பு எழவு விசாரிப்பு என்று தெரிந்ததில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானத்தைவிட ஏமாற்றம்தான் பெரிதாக இருந்தது.

“சரி, கேதமான்னு ஏன் கேட்டாங்க?”

“இந்த மலையில எவன் வேலையத்து ஓடுறான்? காட்டுமாடு வெரட்டுனா ஓடுவான், இல்ல கேதம் சொல்லப் போறவன் ஓடுவான். ஒங்க பின்னால காட்டுமாடு வரல. அப்ப கேதம்தான.” அவர் எழுந்து கழுதையைத் தட்டினார். “எங்கழுதைகூட லோடு இல்லாம ஓடாதுப்பு.”

அதன் பிறகும் கேள்வி ஓயவில்லை. தோட்டங்களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நான் ஓடி வருவதைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டுப் பாதைக்கு வந்து நிற்பார்கள். யாருக்குக் கேதம், எந்த ஊர்ல கேதம். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் ஓடுவது எப்போது? எரிச்சலில் ஒரு யோசனை செய்தேன். தூரத்திலேயே “கேதம் இல்ல, கேதம் இல்ல” என்று கத்திக்கொண்டு ஓடினேன். மலையில் முதல் வார்த்தை மட்டும்தான் எதிரொலித்தது. காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு கூட்டமே புறப்பட்டு வந்துவிட்டது. அந்த யோசனையை அன்றோடு விட்டேன்.

வளைவு வீடு லோடுக்காரருடையது. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். முற்றத்தில் எப்போதும் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும், அவர் அதன் பக்கத்தில் ஏதாவது செய்துகொண்டிருப்பார். ஒரே மகன். அவன் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலைக்குப் போயிருந்தான். மெட்டு ரோட்டில் ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்பு ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவருடைய கவலை எங்கே இருந்திருக்கும் என்று. புருஷன் மலைப்பாதையில், மகன் ஜீப்பு ரோட்டில். நான் ஓடி வருகிற சத்தம் கேட்டால் போதும், செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு எழுந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்பார்.

“யாருக்கு அப்பு கேதம்?”

“யாருக்கும் இல்லக்கா. சும்மாதான் ஓடுறேன்.”

“சும்மாவா” என்று உட்காருவார். மறுநாளும் இதே கேள்வி, இதே பதில். எத்தனை நாள் இப்படிப் போனது என்று ஞாபகம் இல்லை. ஒருநாள் அவர் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் தூக்கி, “போயிட்டு வாங்கப்பு” என்றார். திரும்பி வரும்போது “வந்தாச்சா” என்றார். அவ்வளவுதான். பிறகு வந்த வருஷங்களில் எல்லாம் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

மெல்ல மெல்ல எல்லோரும் கேட்பதை நிறுத்தினார்கள். எனக்கு ஓட்டக்காரர் என்று பெயர் வந்தது. புது ஆட்களுக்குப் பழைய ஆட்களே சொல்லிவிடுவார்கள், அவரு அப்படித்தான், கண்டுக்காதீங்க என்று. ஓட்டக்காரரு போயிட்டாரு, உலையை வை என்று ஒரு வீட்டில் குரல் கேட்கும். விரும்பியது கிடைத்துவிட்டது. யாரும் என்னை நிறுத்தவில்லை. அப்போதுதான் புரிந்தது, இத்தனை காலமும் என்னிடம் மனிதர்கள் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று. செத்தது யார் என்றுதான் கேட்டார்கள், என்னைப் பற்றி இல்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். அது போன பிறகு நான் அந்த மலையில் ஆற்றைப் போல, மாமரத்தைப் போல ஆகிவிட்டேன். அக்காவின் அந்த இரண்டு பேச்சைத் தவிர, பெரும்பாலான நாட்களில் என் காதில் எனக்கென்று விழுந்தது வேறு ஒன்றும் இல்லை. சில நாள் வலையில் சருகு அடைத்து ஓடப் போக முடியாது. அன்றைக்கு அந்த இரண்டும் இல்லை.

லோடுக்காரர் கீழே போகும்போது தண்ணியாபீசில் நிறுத்திக் கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டுவார். ஒரு பீடி பற்றவைப்பார். பேச்சுக்காரர் இல்லை. “ஒன்னய நடந்து பாத்ததே இல்லயேப்பு” என்பார். அப்போதெல்லாம் ஒருமைக்கு வந்திருந்தார். பீடி முடிந்ததும் “வர்றேன்” என்று கிளம்பிவிடுவார். அவர் உட்கார்ந்த இடத்தில் சாக்கு வாசனை கொஞ்சநேரம் இருக்கும்.

ஓர் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண்ணாக வந்தது. எனக்குக் கீழே இருந்த தரைப்பாலம் மூழ்கிப் பஸ்சு நின்றுவிட்டது. மழை தொடங்குவதற்கு முன்னால் லோடோடு இறங்கிய லோடுக்காரர் போடியிலேயே மாட்டிக்கொண்டார். காலையில் வலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. தண்ணீரைத்தான் கேட்பார்கள் என்று எடுத்ததும், “கலங்கல்தான் சார், இன்னைக்குத் திறக்க முடியாது” என்றேன்.

“நான் சிலமலையிலருந்து வந்துருக்கேன்” என்று ஒரு குரல் சொன்னது. “லோடுக்காரர் தம்பி, போடி ஆபீசுலருந்து பேசுறேன்.”

போடியில் ஏலக்காய் மண்டியில் படுத்திருந்த லோடுக்காரருக்கு விடிகாலையில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. உடலைச் சொந்த ஊரான சிலமலைக்குக் கொண்டுபோகிறார்கள்.

“பஸ்சு இல்ல. இந்தப் பக்கமிருந்து ஒருத்தரும் வர முடியல. நீங்கதான் மதினிக்குச் சொல்லணும். மதினி வராம எடுக்க மாட்டோம். நடுவுல யார்ட்டயும் சொல்லிராதீங்க, ஊரு பேசி அவங்க காதுக்குப் போக வேணாம். வெரசாப் போங்க சார்.”

போனை வைத்தேன். ஓடத்தான் தெரியும் எனக்கு, அதனால் ஓடினேன்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. மாந்தோப்பில் கணுக்கால் வரை தண்ணீர். அட்டைகள் ஏறியதைத் தட்டிவிடவில்லை. ஓடும்போது எப்போதும் நினைப்பு நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. என்ன வார்த்தையில் சொல்வது? அக்கா, அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று தொடங்கலாமா? பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவதா? இதையெல்லாம் சொல்வதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், முறை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர் வார்த்தையைக்கூடத் தப்பாகக் கேட்டவன் நான்.

குரங்கணி டீக்கடையில் தார்ப்பாய்க்கு அடியில் ஆட்கள் ஒண்டியிருந்தார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் வந்தேன். ஆனால் ஒருவர் கேட்டால் போதும், சொல்லியிருப்பேன். வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். கேளுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“மழையிலயும் விடமாட்டாரு நம்ம ஓட்டக்காரரு” என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

“மேல வழுக்கும், பாத்து” என்றார் டீக்கடைக்காரர்.

என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்ட ஊர் அது. கையில் உண்மையான சேதியோடு போகிற அன்றைக்கு வழி விட்டு அனுப்பியது.

காப்பித் தோட்ட ஏற்றத்தில் எதிரே குடையோடு இறங்கிய இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்றார்கள், ஒன்றும் கேட்கவில்லை. ஏறிக்கொண்டே இருந்தேன். வளைவுப் பாறை தெரிந்தது. அதைச் சுற்றினால் வீடு. பாறைக்குக் கீழே வந்ததும் கால் ஓட மறுத்துவிட்டது. களைப்பில்லை. அந்த ஏற்றத்தை நான் எத்தனையோ முறை மூச்சு வாங்காமல் ஏறியிருக்கிறேன். அந்த வீட்டு முற்றத்துக்கு ஓடிப் போய் நிற்க என்னால் முடியவில்லை. நடந்தேன். நடந்துகொண்டே பாறையைச் சுற்றி வந்தேன்.

அக்கா தாழ்வாரத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார். வழக்கமான பேச்சுக்கு வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். முறத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“யாருக்கு அப்பு கேதம்?”

யோசித்து வைத்திருந்த வார்த்தை எதுவும் வரவில்லை.

“மகனுக்கா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“அவருக்கா?”

ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. எனக்கும் அவர் ஒருவர்தானே வந்து உட்கார்ந்து பீடி குடித்தவர். மேலே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து பெண்கள் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தபோது நான் பாறைப் பக்கம் போய் நின்று அழுதேன்.

மூழ்கின தரைப்பாலத்தைத் தாண்ட முடியாது. என் கீழ்ப்பாதை வழியாக முந்தலுக்குப் போனால் அங்கிருந்து பஸ்சு கிடைக்கும் என்றேன். அந்தப் பாதை குரங்கணியில் பலருக்குத் தெரியாது. அக்கா, குரங்கணியில் இருந்த அவர் அண்ணன், லயத்துப் பெண் ஒருவர், நான். தண்ணியாபீசைத் தாண்டி மலையடிவாரத்தோடு நடந்தோம். நான் முன்னால் போனேன். எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்தப் பாதையில் எனக்குத் துணை கிடைத்த ஒரே நாள் அது. என் பின்னால் மூன்று பேரின் காலடிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இதை இன்றைக்கு நினைக்கக் கூடாது என்று என்னைத் திட்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

ஓர் ஓடையைத் தாண்டிய இடத்தில் அக்கா நின்றார். சுற்றிப் பார்த்தார்.

“இங்கயா தெனமும் ஓடுறீங்க?”

“ஆமாக்கா.”

“தனியாவா?”

“ஆமா.”

தலையில் போட்டிருந்த சாக்கைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

சிலமலையில் அந்த வீட்டு ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நானும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் இரண்டு கைகளையும் நீட்டினேன். லோடுக்காரர் தம்பி தொட்டார், மகன் தொட்டான். அந்த முறை நான் சரியாகச் செய்தேன். லோடுக்காரர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

கருமாதி முடிந்து அக்கா வளைவு வீட்டுக்குத் திரும்பினார். மகன் மறுபடி எஸ்டேட்டுக்குப் போய்விட்டான். கழுதைகளை அவர் அண்ணன் ஓட்டிப் போய்விட்டார். நான் பழையபடி ஓடினேன். ஆனால் வளைவுப் பாறை வந்ததும் நிறுத்தி, அந்த வீட்டைத் தாண்டும் வரை நடந்தேன். எழவு விழுந்த வீட்டுக்கு முன்னால் தடதடவென்று ஓடுவது முறையில்லை என்று பட்டது. என் பங்குக்கு நான் காட்டக்கூடிய மரியாதை அது ஒன்றுதான்.

அக்கா ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார். தூணைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார். நான் தாண்டிப் போகும் வரை ஒரு வார்த்தை வராது. போயிட்டு வாங்க இல்லை, வந்தாச்சா இல்லை. என்னைக் கண்டாலே அவருக்கு அந்த நாள் ஞாபகம் வருகிறது என்று முடிவு செய்துகொண்டேன். எழவு சொன்னவன் முகத்தில் தினமும் யார் விழிப்பார்கள்? மேலே ஓடுவதை நிறுத்தினேன். காலையிலும் மாலையிலும் கீழ்ப்பாதையிலேயே ஓடினேன். திரும்ப வந்து பானையோடு பேசினேன்.

குரங்கணிச் சந்தை நாளில் டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

“ஓட்டக்காரரே, வளைவு வீட்டம்மா ரெண்டு தரம் ஒங்களக் கேட்டுட்டாங்க. ஏன் காணோம், ஒடம்புக்கு என்னன்னு.”

மறுநாள் காலை மேலே ஓடினேன். பாறைக்குக் கீழே வந்ததும் வழக்கம்போல நிறுத்தி நடந்தேன். அக்கா முற்றத்தில் துவரையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்ததும் எழுந்தார். கை அடிவயிற்றுக்குப் போனது.

“எம் மகன் நல்லா இருக்கானா?” என்றார்.

“எனக்கொண்ணும் தெரியாதுக்கா. நான் சும்மாதான் வந்தேன்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, கோபமா அழுகையா என்று தெரியாத குரலில் சொன்னார்.

“அப்பு, நடந்து வராதீங்க. நீங்க நடந்து வந்தா எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப் போகுது. தெனமும் எம் மகன்தான் போயிட்டான்னு நெனச்சு நெனச்சு நான் செத்துப் பொழைக்கிறேன். ஓடி வாங்க. நீங்க ஓடி வந்தாத்தான் எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நான் சோலியப் பாக்க முடியும்.”

சரிக்கா என்று சொல்லிவிட்டு மேலே போகத் திரும்பினேன்.

“இப்படியே போகாதீங்க” என்றார். “திரும்பக் கீழ போயி ஓடி வாங்க.”

மீசை வைத்த ஆள் நான், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன். வந்த வழியே திரும்பி நடந்து, பாறைக்குப் பின்னால் அவர் கண்ணுக்கு மறைகிற இடம் வரை போனேன். அங்கே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு ஓடி வந்தேன். அக்கா உட்கார்ந்து துவரையைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் தாண்டும்போது தலையை மட்டும் தூக்கினார்.

“போயிட்டு வாங்கப்பு” என்றார்.